தெரிவு யாருடையது? ஆங்கில ‘ஓர்’ பற்றிச் சில குறிப்புகள்

வங்கிக் காசோலைத் தாளொன்றை எடுத்துப் பாருங்கள். பணம் பெறுபவரின் பெயரை எழுதும் கோடு முடிகிற இடத்தில், ஆங்கிலத்தில் ‘ஓர் பேரர்’ என்ற இரண்டு சொற்கள் அச்சிடப்பட்டிருக்கும். தமிழ் எழுத்தில் எழுதினால் யாரோ ஒரு பேரப்பிள்ளையைக் குறிப்பதுபோலத் தோன்றும் அந்தச் சொற்களின் பொருள் ‘அல்லது கொண்டுவருபவருக்கு’ என்பதாகும். நாம் யாருடைய பெயரை எழுதினாலும், அந்த இரண்டு சொற்களும் வெட்டப்படாமலும் காசோலை குறுக்குக் கோடிடப்படாமலும் இருக்கும் வரை, தாளைக் கையில் கொண்டுவந்து நீட்டுபவருக்கே பணம் போய்ச் சேரலாம். அவற்றின் மேல் பேனாவால் ஒரு கோடு இழுத்துவிட்டால், கொணர்பவர் காசோலையாக இருந்தது கட்டளைக் காசோலையாக மாறிவிடுகிறது. பெயர் குறிக்கப்பட்டவரோ, அவர் பின்புறத்தில் கையொப்பமிட்டு யாருக்கு மாற்றிக் கொடுத்தாரோ அவரோதான் அதன்பின் அந்தப் பணத்தைக் கேட்க முடியும். பிரித்தானியாவின் 1882ஆம் ஆண்டுச் சட்டத்தைப் பின்பற்றி இலங்கையில் இயற்றப்பட்ட 1927ஆம் ஆண்டின் 25ஆம் இலக்க உண்டியல் கட்டளைச் சட்டம் வகுத்த ஏற்பாடு இது. தனக்கெனப் பொருள் என்று சொல்லத்தக்க எதுவும் இல்லாத ஓர் இணைப்புச் சொல், பணம் யாருடைய கைக்குப் போகலாம் என்பதைத் தீர்மானிக்கிறது.

சட்ட ஆவணங்களையும் அலுவலக அறிவித்தல்களையும் ஆங்கிலத்திலிருந்து தமிழுக்குக் கொண்டுவருவதே கொழும்பில் என்னுடைய தொழில். இந்தத் தொழிலில் நீண்ட, கரடுமுரடான கலைச்சொற்கள் பெரிய தொல்லை தருவதில்லை. அவற்றுக்குச் சொற்றொகுதிகள் உண்டு, முன்னோடிகள் உண்டு, மூத்தவர்களிடம் கேட்டால் விடையும் உண்டு. தொல்லை தருபவை யாரும் அகராதியில் தேடிப் பார்க்காத குட்டிச் சொற்கள்தாம். அவற்றுள்ளும் ‘ஓர்’ என்பதைப் போல என்னை நிறுத்திவைத்த சொல் வேறில்லை. அதற்கு ‘அல்லது’ என்று ஒரு சொல் தயாராக இருக்கிறது என்பதே சிக்கலின் பாதி. அந்தச் சொல் கைக்கெட்டும் தூரத்தில் இருப்பதால், ஆங்கில வாக்கியம் உண்மையில் என்ன சொல்கிறது என்று கேட்காமலே அதை எடுத்து ஒட்டிவிடுகிறோம். என் கருத்து இதுதான்: ‘ஓர்’ வரும் ஒவ்வோர் இடத்திலும் ஒரு தெரிவு இருக்கிறது, அந்தத் தெரிவு யாருடையது, அவர் இரண்டையும் எடுத்துக்கொள்ளலாமா என்ற இரு கேள்விகளுக்கும் விடை காணாமல் அந்த வாக்கியத்தைத் தமிழில் எழுத முடியாது. விடை கண்டபின் பார்த்தால், பெரும்பாலான இடங்களில் ‘அல்லது’ தேவைப்படுவதே இல்லை.

இரண்டையும் எடுத்துக்கொள்ளலாமா என்ற கேள்வி மிகப் பழையது. இலத்தீனில் அதற்காக இரண்டு சொற்கள் இருந்தன என்று பாடநூல்களில் சொல்வதுண்டு. ‘அவுட்’ என்பது இரண்டிலொன்றைக் கண்டிப்பாகப் பிரித்து நிறுத்தும்; ‘வெல்’ என்பது இரண்டும் சேர்ந்து வருவதையும் பொறுத்துக்கொள்ளும். உண்மையான இலத்தீன் எழுத்தில் இந்த வேறுபாடு அவ்வளவு சுத்தமாகக் காக்கப்படவில்லை என்றாலும், தருக்கவியலாளர்கள் அதைப் பற்றிக்கொண்டார்கள். இன்று கணிதத்தில் ‘அல்லது’ என்பதற்கு இடப்படும், ஆங்கில ‘வி’ எழுத்தை ஒத்த குறி ‘வெல்’ என்பதன் முதலெழுத்திலிருந்து வந்ததாகவே விளக்கப்படுகிறது. 1854இல் தம் பெரும் தருக்கநூலை வெளியிட்ட ஜோர்ஜ் பூல், ஒன்றோடொன்று கலவாத வகுப்புகளை இணைப்பதற்கே தம்முடைய கூட்டற்குறியைப் பயன்படுத்தினார். பத்தாண்டுகளுக்குப் பின் வில்லியம் ஸ்டான்லி ஜெவன்ஸ் அதை மறுத்து, இரண்டும் ஒருங்கே உண்மையாக இருப்பதையும் உள்ளடக்கும் ‘ஓர்’ஐ முன்வைத்தார். வென்றது ஜெவன்ஸின் கட்சிதான். உயர்தர வகுப்பில் கணினிச் சுற்றுகளின் அடிப்படையான தருக்கப் படலைகளைப் படிக்கும் பிள்ளைகள் ‘ஓர்’ படலையின் அட்டவணையில் இரு உள்ளீடுகளும் ‘1’ ஆக இருக்கும்போது வெளியீடும் ‘1’ ஆக இருப்பதைக் கண்டு முதல் நாளில் சற்றுத் திகைப்பார்கள். இரண்டிலொன்று மட்டும் என்று நிற்கும் படலைக்கு ‘எக்ஸ்-ஓர்’ என்று தனிப்பெயர் வைக்க வேண்டியிருக்கிறது.

சட்டம் எழுதியவர்கள் இந்த இரட்டைப் பொருளை நன்றாகவே அறிந்திருந்தார்கள் என்பதற்கு நம்முடைய 1883ஆம் ஆண்டுத் தண்டச் சட்டக்கோவையே சாட்சி. அதில் குற்றத்துக்குக் குற்றம் மீண்டும் மீண்டும் வரும் ஒரு வாய்பாடு உண்டு: இருவகையில் (கடூழியம், சாதாரணம்) ஏதேனுமொரு வகை மறியற்றண்டனை, அல்லது குற்றப்பணம், அல்லது இரண்டும். ‘ஓர்’ என்பது எப்போதும் இரண்டையும் உள்ளடக்குமென்றால் கடைசியில் ‘அல்லது இரண்டும்’ என்று சேர்க்கத் தேவையில்லை. எப்போதும் இரண்டிலொன்றைத்தான் குறிக்குமென்றால் அதைச் சேர்த்தே ஆக வேண்டும். எப்படிப் படிக்கப்படும் என்று உறுதியாகச் சொல்ல முடியாது என்பதனால்தான் அந்தச் சொற்களை அங்கே பாதுகாப்புக்காக நிறுத்தி வைத்தார்கள். அந்த வாய்பாடு அலங்காரமற்றது, சலிப்பூட்டுவது. ஆனால் தெரிவு நீதவானுடையது என்பதிலும், அவர் இரண்டையும் விதிக்கலாம் என்பதிலும் யாருக்கும் ஐயம் எழ அது இடம் வைக்கவில்லை.

சட்டத்தை விட்டுவிட்டு வீட்டுக்கு வருவோம். ‘டீ ஓர் கோஃபி?’ என்று ஆங்கிலத்தில் கேட்டால் அது இரண்டு வேறு கேள்விகளாக இருக்கக்கூடும். குரல் கடைசிச் சொல்லில் உயர்ந்தால், ஏதாவது குடிக்கிறீர்களா என்பது கேள்வி. ஆம், வேண்டாம் என்பன விடைகள். முதற்சொல்லில் உயர்ந்து கடைசியில் தாழ்ந்தால், இரண்டில் எது என்பது கேள்வி. அதற்கு ‘ஆம்’ என்று விடை சொல்பவர் தருக்கவியலாளராகத்தான் இருக்க வேண்டும். எழுத்தில் இரண்டும் ஒன்றே. தமிழில் இந்த மயக்கம் மிகக் குறைவு. வெள்ளவத்தையில் எங்கள் மாடிக் குடியிருப்பில் பல ஊர்களின் தமிழும் ஒரே மின்தூக்கியில் ஏறி இறங்கும். கொழும்பிலேயே வளர்ந்தவர்களும் மலையகத்திலிருந்து வந்தவர்களும் ‘டீயா, கோப்பியா?’ என்று கேட்டால் எது வேண்டும் என்பது கேள்வி. ‘டீ, கோப்பி ஏதாச்சும் குடிக்கிறீங்களா?’ என்றால் குடிக்க விருப்பமா என்பது கேள்வி. யாழ்ப்பாணத்தவர்கள் வினாவுக்கு ‘ஓ’வைப் பயன்படுத்துவதால் ‘தேத்தண்ணியோ, கோப்பியோ?’ என்பார்கள், மற்றதற்கு ‘தேத்தண்ணி, கோப்பி ஏதும் குடிக்கிறியளோ?’ என்பார்கள். இவற்றில் எந்த வாக்கியத்திலும் ‘அல்லது’ இல்லை என்பதைக் கவனியுங்கள். ‘நீங்கள் தேநீர் அல்லது கோப்பி அருந்துகிறீர்களா?’ என்று யாராவது கேட்டால், அவர் ஏதோ ஒரு விமான சேவையின் அறிவித்தலை வாசிக்கிறார் என்றே எண்ணுவோம்.

சிங்களமும் இந்த விடயத்தில் நம் பக்கத்தில்தான் நிற்கிறது. அங்கே ஒவ்வொரு தெரிவின் பின்னும் ‘த’ என்ற வினாச்சொல் ஒட்டிக்கொள்ளும். கூற்று வாக்கியத்தில் ‘ஹோ’ என்பது தனியாக வரும். சீன மொழியிலும் பின்லாந்து மொழியிலும்கூட வினாவுக்கு ஒரு ‘அல்லது’, கூற்றுக்கு வேறொரு ‘அல்லது’ உண்டு. ஆங்கிலம்தான் எல்லாவற்றையும் ஒரே சொல்லின் தலையில் ஏற்றி வைத்திருக்கிறது.

கூற்றில் வரும் ‘ஓர்’ வேறொரு செய்தியையும் சத்தமில்லாமல் சுமந்து வரும். வீட்டுத் தரகர் ஒருவர், ‘காணி உரிமையாளர் கண்டியிலோ மாத்தளையிலோ இருக்கிறார்’ என்று சொன்னால், எந்த ஊர் என்று அவருக்குத் தெரியாது என்றே நாம் எடுத்துக்கொள்கிறோம். அவர் அப்படிச் சொல்லவில்லை; ஆனால் தெரிந்திருந்தால் ஒன்றைத்தானே சொல்லியிருப்பார் என்று நம் மனம் கணக்குப் போடுகிறது. மெய்யியலாளர் போல் கிரைஸ் 1967இல் ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தில் ஆற்றிய விரிவுரைகளில் இத்தகைய கணக்குகளைத்தான் விளக்கினார்: சொல்லின் பொருள் ஒன்று, அதைச் சொன்னதிலிருந்து கேட்பவர் ஊகித்துக்கொள்வது இன்னொன்று. ‘இரண்டிலொன்று மட்டும்’ என்பதும் பெரும்பாலும் ‘ஓர்’ என்ற சொல்லின் பொருளன்று, அப்படி ஊகிக்கப்படுவதே என்பது அவர் வழி வந்தவர்களின் விளக்கம். அது சரியாக இருக்கலாம். ஆனால் ஊகத்தை நம்பி ஒப்பந்தம் எழுதுபவருக்கு இறுதியில் வழக்கறிஞர் கட்டணம் காத்திருக்கிறது.

எதிர்மறை வந்து சேர்ந்தால் நிலைமை தலைகீழாகிறது. ‘இங்கு உணவு அல்லது பானம் கொண்டுவரக் கூடாது’ என்ற அறிவித்தலைக் கொழும்பின் மண்டபங்களிலும் அலுவலகங்களிலும் பார்க்கலாம். ஆங்கிலத்தில் அது சரியான வாக்கியம். ‘நோ’ என்ற எதிர்மறை முன்னாலேயே வந்து இரண்டையும் தன் பிடிக்குள் கொண்டுவந்துவிடுவதால், உணவும் கூடாது, பானமும் கூடாது என்பது தெளிவு. தமிழில் எதிர்மறை வாக்கியத்தின் கடைசியில்தான் வருகிறது. அதற்குள் வாசகர் ‘உணவு அல்லது பானம்’ என்பதை ஒரு தெரிவாக விழுங்கி முடித்துவிடுகிறார். இரண்டில் ஒன்றைக் கொண்டுவரக் கூடாதென்றால் எதைக் கொண்டுவரலாம் என்று குறும்புக்காரர் ஒருவர் கேட்டால் காவலாளியிடம் விடை இல்லை. ‘உணவோ பானமோ கொண்டுவரக் கூடாது’ என்றால் போதும். ‘உணவும் பானமும்’ என்றும் எழுதலாம்தான், ஆனால் இரண்டையும் சேர்த்துக் கொண்டுவரக் கூடாது, ஒன்றைக் கொண்டுவரலாம் என்று வாதிட அதில் சிறு இடுக்கு இருக்கிறது. ‘ஓ’வில் அந்த இடுக்கு இல்லை.

இரண்டின் ‘அல்லது’வை மறுப்பது ஒவ்வொன்றையும் தனித்தனியே மறுப்பதற்குச் சமம் என்ற இந்த விதிக்குத் தருக்கவியலில் டி மோர்கன் விதி என்று பெயர். அகஸ்டஸ் டி மோர்கன் 1806இல் பிறந்தது மதுரையில். கைக்குழந்தையாகவே இங்கிலாந்துக்குக் கொண்டுபோகப்பட்டு, 1828இல், தம் இருபதுகளின் தொடக்கத்தில், இலண்டனில் புதிதாகத் தொடங்கிய பல்கலைக்கழகத்தின் கணிதப் பேராசிரியரானார். அவருக்குத் தமிழ் தெரிந்திருக்க வழியில்லை. ஆனாலும் நம் அறிவித்தல் பலகைகள் அதிகம் மீறும் விதிக்கு மதுரையில் பிறந்தவரின் பெயர் இருப்பதில் எனக்கு ஓர் அற்பமான மகிழ்ச்சி உண்டு.

பலகைகளில் மீறினால் சிரித்துவிட்டுப் போகலாம். அரசியலமைப்பின் 11ஆம் உறுப்புரையில் அப்படிச் செய்ய முடியாது. சித்திரவதையையும், கொடூரமான, மனிதத் தன்மையற்ற, இழிவான நடத்துகையையும் தண்டனையையும் தடைசெய்யும் அந்த ஒற்றை வாக்கியத்தில், ஆங்கிலத்தில் ‘ஓர்’ மூன்று இடங்களில் வருகிறது. மூன்றும் எதிர்மறையின் கீழ் நிற்பவை. ஆகவே மூன்றும் சேர்ந்து தடையை விரிக்கின்றன, எந்த அதிகாரிக்கும் எந்தத் தெரிவையும் வழங்கவில்லை. கொடூரமானதாக இல்லாவிட்டாலும் இழிவானதாக இருந்தால் போதும். தண்டனையாக இல்லாவிட்டாலும் நடத்துகையாக இருந்தால் போதும். நான் மாணவர்களுக்கு மொழிபெயர்ப்புப் பயிற்சி தரும்போது இந்த வாக்கியத்தையே முதலில் கொடுப்பேன். ‘அல்லது’வை அடுக்கிக்கொண்டே போகிறவர்களும், ‘சித்திரவதைக்கோ … நடத்துகைக்கோ தண்டனைக்கோ எவரும் உட்படுத்தப்படலாகாது’ என்று தொடுத்துக் கட்டுகிறவர்களும் அங்கேயே பிரிந்துவிடுவார்கள். முதல் வகையினர் எழுதுவது தவறென்று சொல்ல மாட்டேன். ஆனால் வாசகர் எங்கே மூச்சு விடுவது என்று தெரியாமல் தவிப்பார்.

அனுமதியில் வரும் ‘ஓர்’ இன்னும் விசித்திரமானது. அடையாளத்தை நிரூபிக்கத் தேசிய அடையாள அட்டை, கடவுச்சீட்டு அல்லது சாரதி அனுமதிப்பத்திரத்தைச் சமர்ப்பிக்கலாம் என்று ஒரு படிவம் சொன்னால், மூன்றில் எதுவும் செல்லும் என்று பொருள். மூன்றும் தனித்தனியே அனுமதிக்கப்பட்டுள்ளன. தூய தருக்கத்தின்படி இந்த முடிவு ‘ஓர்’ என்ற சொல்லிலிருந்து வரக்கூடாது. ஆனாலும் எல்லா மொழிக்காரரும் அப்படியே புரிந்துகொள்கிறார்கள். ஏன் என்பது மெய்யியலாளர்களிடையே இன்றும் ஓயாத விவாதம். டென்மார்க்கின் சட்ட மெய்யியலாளர் அல்ஃப் றொஸ் 1941இல் இதன் மறுபக்கத்தைக் காட்டினார். ‘கடிதத்தைத் தபாலில் சேர்’ என்று ஒருவருக்குக் கட்டளையிட்டால், ‘கடிதத்தைத் தபாலில் சேர் அல்லது எரித்துவிடு’ என்ற கட்டளையும் அதிலிருந்து பிறக்குமா? கூற்று வாக்கியமாக இருந்தால் பிறக்கும். தபாலில் சேர்த்தான் என்பது உண்மையென்றால் சேர்த்தான் அல்லது எரித்தான் என்பதும் உண்மையே. கட்டளையில் அதை ஏற்றுக்கொண்டால் வேலைக்காரர் தீப்பெட்டியைத் தேடுவார். கட்டளையில் ‘ஓர்’ நுழைந்த கணத்திலேயே தெரிவு கேட்பவரின் கைக்கு மாறிவிடுகிறது என்பதே றொஸின் புதிருக்கு எனக்குத் தெரிந்த எளிய விளக்கம்.

அப்படி மாறுகிறதா என்பதில்தான் நம் அலுவலகக் கருமபீடங்களில் சண்டை நடக்கிறது. பிறப்புச் சான்றிதழ் அல்லது உத்தேச வயதுச் சான்றிதழ் என்று ஒரு விண்ணப்பத்தில் இருந்தால், விண்ணப்பதாரர் தமக்கு வசதியானதைக் கொண்டுவரலாம் என்று நினைப்பது நியாயம். எழுதிய அதிகாரி நினைத்தது வேறாக இருக்கலாம்: பிறப்புச் சான்றிதழ் வேண்டும், பிறப்புப் பதிவு கிடைக்காத நிலையில் மட்டுமே மற்றது. உத்தேச வயதுச் சான்றிதழ் என்ற ஒன்று இருப்பதே பிறப்புப் பதிவு இல்லாதவர்களுக்காகத்தான். ஆங்கிலத்திலும் அந்த வரிசைமுறை வெளியே தெரிவதில்லை. தமிழிலே ‘பிறப்புச் சான்றிதழ், அது இல்லாதவிடத்து உத்தேச வயதுச் சான்றிதழ்’ என்று எழுதிவிட்டால் வாதமே எழாது. இவ்வாறு எழுதியதற்காக, மூலத்தில் இல்லாததைச் சேர்க்கிறீர்கள் என்று ஓர் அலுவலகத்தில் எனக்குச் சொல்லப்பட்டது. மூலத்தில் அது இருக்கிறது, கண்ணுக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான் என்பது என் நிலைப்பாடு. அந்தத் திருத்தம் ஏற்கப்படவில்லை.

அச்சுறுத்தும் ‘ஓர்’ பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. ‘நில், ஓர் சுடுவேன்’ என்ற அமைப்பை யாரும் ‘அல்லது’ கொண்டு மொழிபெயர்ப்பதில்லை. ‘இல்லாவிட்டால்’, ‘இல்லையேல்’ என்று இயல்பாகவே வந்துவிடும். ‘டூ ஓர் த்ரீ’ என்பதும் அவ்வாறே. இரண்டு மூன்று, நாலைந்து, ஏழெட்டு, ஓரிரு என்று இணைப்புச் சொல்லே இல்லாமல் எண்களை அடுத்தடுத்து வைத்துவிடுகிறோம்.

ஆனால் அதாவது என்ற பொருளில் வரும் ‘ஓர்’ ஆளைக் கவிழ்க்கும். ஒரே பொருளுக்கு இரண்டு பெயர்கள் இருக்கும்போது ஆங்கிலம் அவற்றை ‘ஓர்’ இட்டு இணைக்கிறது. பெரும்பாலும் முன்னால் ஒரு காற்புள்ளி இருக்கும், சிலவேளை அதுவும் இருக்காது. எங்கள் மாடியில் வசிக்கும், ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் ஒருநாள் கிளினிக்கில் கொடுத்த துண்டுப்பிரசுரத்தைக் கொண்டுவந்து காட்டினார். மும்மொழியில் அச்சிட்ட மடிப்புத்தாள். தமிழ்ப் பக்கத்தின் தலைப்பில் ‘உயர் குருதியமுக்கம் அல்லது ஹைபர்டென்ஷன் உள்ளவர்களுக்கான அறிவுரைகள்’ என்று தடித்த எழுத்தில் இருந்தது.

“தம்பி, டொக்டர் எனக்குப் பிரஷர் எண்டுதான் சொன்னவர். இதிலை ரெண்டு வருத்தம் போட்டிருக்கு. எனக்கு எது?”

“ரெண்டும் ஒண்டுதான் அன்ரி. தமிழிலை ஒருக்கா, இங்கிலீசிலை ஒருக்கா எழுதியிருக்கினம்.”

“அப்ப ஏன் ‘அல்லது’ எண்டு போட்டவை? நாற்பது வருசம் பள்ளிக்கூடத்திலை படிப்பிச்சனான், அல்லது எண்டால் வேறை எண்டுதானே அர்த்தம்?”

அவருடைய தமிழ் பிழையில்லாதது. பிழை துண்டுப்பிரசுரத்தில் இருந்தது. ‘எனப்படும்’, ‘எனும்’, ‘அதாவது’ என்று எழுதியிருந்தால் அவர் படியேறி வந்திருக்க மாட்டார். மருந்துப் பெயர்களில் இதே அமைப்பு வரும்போது இது வெறும் நடைக்குறை என்று விட்டுவிட எனக்கு மனம் வருவதில்லை. ஒரே மருந்தின் இரண்டு பெயர்களை இரண்டு மருந்துகள் என்று எண்ணி விழுங்குவதற்கும், ஒன்றைத் தேடி அலைவதற்கும் அந்த ஒரு சொல் போதும்.

நீதிமன்றங்களுக்குத் திரும்புகிறேன், ஏனென்றால் ‘ஓர்’ பற்றிய சிறந்த வாசிப்புகள் அங்கேதான் கிடைக்கின்றன. பிரித்தானியாவின் 1955ஆம் ஆண்டுச் சட்டமொன்று, தடைசெய்யப்பட்ட கடற்பரப்பில் கப்பலிலிருந்து எண்ணெய் கொட்டினால் கப்பலின் உரிமையாளர் ‘ஓர்’ தலைமை மாலுமி குற்றவாளி ஆவார் என்று கூறியது. ஒரே எண்ணெய்க் கசிவுக்கு இருவரையும் தண்டிக்கலாமா, ஒருவரைத் தெரிந்தெடுக்க வேண்டுமா? தெரிவென்றால் அது யாருடையது, வழக்குத் தொடுநருடையதா? வழக்கு, அப்போது பிரித்தானியாவின் அதியுயர் நீதிமன்றமாகவும் இருந்த பிரபுக்கள் சபை வரை சென்றது. இருவரையும் தண்டிக்கலாம் என்று 1974இல் முடிவாயிற்று. 2021இல் கொழும்புக்கு அப்பால் எக்ஸ்-பிரஸ் பேர்ள் கப்பல் எரிந்து, கரையெங்கும் பிளாஸ்ரிக் மணிகள் ஒதுங்கியதைப் பார்த்தவர்களுக்கு, உரிமையாளரா மாலுமியா என்ற கேள்வி வெறும் இலக்கணச் சிக்கலாகத் தோன்றாது.

‘ஓர்’ஐ ‘அன்ட்’ என்று வாசிப்பதும் மறுதலையாக வாசிப்பதும் ஆங்கிலேய நீதிமன்றங்களுக்குப் புதிதன்று. மரணசாசனங்களில் இருநூறு ஆண்டுகளுக்கு முன்பே அப்படிச் செய்திருக்கிறார்கள். 1928இல் நீதியரசர் ஸ்க்ரட்டன் அதற்கு ஒரு கடிவாளம் போட்டார்: சட்டத்தில் சிலவேளை ‘ஓர்’ஐ ‘அன்ட்’ என்று வாசிக்கிறோம்தான், ஆனால் வேறு வழியில்லாதபோது மட்டுமே, ஏனென்றால் பொதுவாக ஒன்றின் பொருள் மற்றதன்று என்பது அவர் கூறியதன் சாரம். நகைச்சுவை கலந்த அந்தத் தீர்ப்புரையில் எரிச்சலும் இருப்பதாக எனக்குப் படுகிறது.

இந்தச் சிக்கலிலிருந்து தப்ப வணிகர்கள் கண்டுபிடித்ததே ‘அன்ட்’, ‘ஓர்’ இரண்டையும் சாய்கோட்டால் பிரித்து ஒட்டவைக்கும் வழக்கம். 1855இல் இங்கிலாந்தில் கப்பல் வாடகை ஒப்பந்தம் ஒன்றில் சீனி, பாகு முதலிய சரக்குகளைப் பற்றி அது வந்து, வழக்காகவும் ஆயிற்று. நீதிபதிகளுக்கு அந்தக் கலப்புச் சொல்லை ஒருபோதும் பிடித்ததில்லை. 1935இல் அமெரிக்காவின் விஸ்கொன்சின் நீதிமன்றம் அதை இருமுகம் கொண்ட சொல்லரக்கன் என்று பொருள்படச் சாடியது. 1940களில் பிரபுக்கள் சபையில் சைமன் பிரபு அதை முறைதவறிப் பிறந்த இணைப்புச் சொல் என்றார். ஆனாலும் கொழும்பில் நான் பார்க்கும் குத்தகை ஒப்பந்தங்களிலும் காப்புறுதிப் பத்திரங்களிலும் அது பக்கத்துக்குப் பக்கம் உட்கார்ந்திருக்கிறது. அதைத் தமிழில் ‘மற்றும்/அல்லது’ என்று எழுதுகிறார்கள். எனக்கு அந்த உருவத்தைக் கண்டாலே உடம்பு கூசும். ‘மற்றும்’ என்பதே ‘அன்ட்’ என்பதற்காக நாம் வலிந்து நிறுத்திய சொல். ‘அல்லது’ ‘ஓர்’ என்பதற்காக நிறுத்தியது. இரண்டுக்கும் நடுவே தமிழில் எப்படி உச்சரிப்பது என்று யாருக்குமே தெரியாத ஒரு சாய்கோடு.

காற்புள்ளிகூடக் காசாகும் இடம் இது. அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில், மேலதிக நேரக் கொடுப்பனவு பெறாத வேலைகளின் பட்டியலொன்று சட்டத்தில் இருந்தது. உணவுப் பொருட்களைத் தகரத்தில் அடைத்தல், பதப்படுத்தல், உறையவைத்தல், களஞ்சியப்படுத்தல் என்று நீண்டு, கடைசியில் ‘அனுப்புவதற்கு ஓர் விநியோகத்துக்குப் பொதிசெய்தல்’ என்று வாசிக்கக்கூடிய ஒரு தொடரில் முடிந்தது. ‘ஓர்’ என்பதற்கு முன் காற்புள்ளி இல்லை. பொதிசெய்தலின் இரண்டு நோக்கங்களை அந்த ‘ஓர்’ இணைக்கிறதா, அல்லது பொதிசெய்தல் ஒரு வேலை, விநியோகித்தல் இன்னொரு வேலை என்று பிரிக்கிறதா? ஓக்ஹர்ஸ்ற் பால் நிறுவனத்தின் வண்டிச் சாரதிகள் பாலை விநியோகித்தார்கள், பொதிசெய்யவில்லை. 2017 மார்ச்சில் மேன்முறையீட்டு நீதிமன்றம், வாக்கியம் இரண்டு வகையிலும் வாசிக்கத்தக்கது, ஐயத்தின் பயன் தொழிலாளருக்கே என்று சாரதிகளின் பக்கம் தீர்த்தது. அடுத்த ஆண்டு ஐம்பது இலட்சம் டொலருக்கு வழக்கு இணக்கமாக முடிந்தது.

அந்தச் சட்டவரியை நான் தமிழாக்கிப் பார்த்தேன். ‘அனுப்புவதற்காகவோ விநியோகிப்பதற்காகவோ பொதிசெய்தல்’ என்றால் சாரதிகள் வெல்கிறார்கள். ‘அனுப்புவதற்காகப் பொதிசெய்தல், விநியோகித்தல்’ என்றால் நிறுவனம் வெல்கிறது. இரண்டுக்கும் நடுவே நிற்கும் தமிழ் வாக்கியத்தை, வேண்டுமென்றே உளறினாலொழிய, என்னால் எழுத முடியவில்லை. மொழிபெயர்ப்பாளர் நீதிபதி ஆகிவிடுகிறார். இலங்கையில் இது கற்பனைச் சிக்கலன்று. நம் அரசியலமைப்பின்படி சட்டங்கள் சிங்களத்திலும் தமிழிலும் ஆக்கப்பட்டு, ஆங்கில மொழிபெயர்ப்போடு வெளியிடப்பட வேண்டும்; நடைமுறையில் பெரும்பாலான சட்டங்களின் கடைசிப் பிரிவு, சிங்கள, தமிழ் உரைகளுக்கிடையே முரண் எழுந்தால் சிங்கள உரையே மேலோங்கும் என்கிறது. ஆகவே ஆங்கில வரைவில் இரண்டு வகையிலும் வாசிக்கத்தக்க ஒரு ‘ஓர்’ இருந்து, சிங்களத்தில் ‘ஹோ’ ஒரு பக்கமும் தமிழில் ‘ஓ’ மறுபக்கமும் சாய்ந்தால், தமிழ் உரையை நம்பிய வாசகர் சட்டத்தை அன்றி வேறொன்றைப் படித்தவராகிறார். இப்படிப்பட்ட இடத்தில் மௌனமாக ஒரு பக்கம் சாய்வதைவிட, வரைஞருக்கு ஒரு குறிப்பு எழுதி எது என்று கேட்பதே முறை. கேட்டால் நேரம் போகிறது என்று முகம் சுளிப்பவர்கள் உண்டு. கேட்காமல் விட்டால் போகும் நேரம் அதைவிடப் பெரிது.

‘அல்லது’வை நான் வெறுக்கிறேன் என்று யாரும் எண்ண வேண்டாம். அது பழைய சொல், நல்ல சொல். ஆனால் அது தன் பழைய வேலையை விட்டு வந்த சொல். ‘ஈதல் இசைபட வாழ்தல் அதுவல்லது ஊதியம் இல்லை உயிர்க்கு’ என்னும் குறளில் ‘அதுவல்லது’ என்பதற்கு ‘அதனைத் தவிர’ என்றே பொருள். அங்கே தெரிவு எதுவும் இல்லை, விலக்கு மட்டுமே உண்டு. தெரிவைக் காட்டும் வேலையைத் தமிழ் நெடுங்காலமாக ஓகாரத்துக்கும் ‘ஆவது’, ‘ஆயினும்’ போன்றவற்றுக்கும் கொடுத்து வைத்திருந்தது. தொல்காப்பியம், இடைச்சொற்களைப் பற்றிய இடையியலில், ஓகாரத்துக்கு ஆறு பொருள் சொல்கிறது, பிரிநிலையும் (ஒன்றைப் பிரித்துக் காட்டுவது) வினாவும் தெரிநிலையும் (ஆராய்ந்து அறிவது) அவற்றுள் அடங்கும். ‘உம்’ என்னும் உம்மைக்கு எட்டுப் பொருள் சொல்கிறது, ஐயமும் எதிர்மறையும் முற்றும் அவற்றுள் அடங்கும். நன்னூல் ஓகாரத்தின் பொருள்களையும் எட்டாக்கியது. ஆங்கில ‘ஓர்’ இன்று செய்யும் வேலைகளைப் பட்டியலிட்டால் அந்த இரண்டு நூற்பாக்களுக்குள் பெரும்பகுதி அடங்கிவிடும். ஆங்கிலச் சொல்லின் பிறப்பும் சுவையானதே: ‘மற்றது’ என்று பொருள்படும் ‘அதர்’ என்பதோடு ஒத்த வடிவில் இருந்த பழைய இணைப்புச் சொல் தேய்ந்து தேய்ந்து ‘ஓர்’ ஆயிற்று.

வாடிக்கையாளர்களுக்கு நான் எழுதிக் கொடுக்கும் ஒப்பந்தங்களில் சாய்கோடிட்ட அந்த இரட்டைச் சொல் வந்தால், ‘குத்தகைக்காரரோ அவருடைய பணியாளரோ இருவருமோ’ என்று விரித்தே எழுதுகிறேன். பக்கம் ஒன்று கூடினாலும் பரவாயில்லை. அண்மையில் ஒரு முதிய தம்பதியர் கூட்டுச் சேமிப்புக் கணக்குப் படிவமொன்றைக் கொண்டுவந்தார்கள். கணக்கை இயக்குவது எப்படி என்ற கட்டத்தில் ஆங்கிலத்தில் ‘ஐதர் ஓர் சேர்வைவர்’ என்று இருந்தது. தமிழ்ப் பக்கத்தில் ‘ஒருவர் அல்லது உயிர்தப்பியவர்’ என்று அச்சிட்டிருந்தார்கள். எந்த விபத்திலிருந்து தப்பியவர் என்று கணவர் கேட்டார். இருவரும் உயிரோடிருக்கும்போது இருவரில் எவரும் தனியே கையொப்பமிட்டுப் பணம் எடுக்கலாம், ஒருவர் காலமானபின் மற்றவர் கணக்கை இயக்கலாம் என்பதே அதன் பொருள் என்று சொன்னேன். இதில் ‘ஓர்’ இரண்டு தெரிவுகளை அல்ல, இரண்டு காலங்களை இணைக்கிறது. இறந்தவரின் பங்கு வாரிசுகளுக்கு உரியதா என்பது வேறு கேள்வி. அந்தச் சொற்கள் வங்கிக்குக் கொடுக்கும் அதிகாரத்தை மட்டுமே சொல்கின்றன, அதற்கு ஒரு சட்டத்தரணியைக் கேளுங்கள் என்றும் சொன்னேன். மனைவி படிவத்தின் மற்றக் கட்டத்தைச் சுட்டினார். அங்கே ‘கூட்டாக’ என்று ஒரே சொல் இருந்தது, இருவரும் கையொப்பமிட்டால்தான் பணம் வெளியே வரும் என்று பொருள். அதையே தெரிந்தெடுத்து அடையாளமிட்டார். கணவர் மறுப்பேதும் சொல்லவில்லை.